ஆலங்கரணைத் தெருவில் மூன்று தடவை

வாசுதேவன் எழுந்தான். பாயைச் சுருட்டிச் சுவரோரம் சாய்த்தான். கிணற்றில் இரண்டு வாளி இறைத்தான். பல் துலக்கினான். கண்ணாடி இல்லாமலே சவரம் செய்துகொண்டான். எங்கே என்ன இருக்கிறது என்பது கைக்குத் தெரிந்திருந்தது. அத்தை ஒரு டம்ளரில் காப்பி வைத்துவிட்டுப் போனாள். குடித்தான். சூடாக இருந்ததா ஆறியிருந்ததா என்று கேட்டால் அவனால் சொல்லியிருக்க முடியாது. பிறகு சைக்கிளைத் துடைத்தான். செயினுக்கு எண்ணெய் விட்டான். டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான். ஆகஸ்ட் மாதத்திலிருந்து அவன் காலைகள் இப்படித்தான் போயின. செங்கல்பட்டிலும் அப்படி, இங்கே கோவளத்திலும் அப்படி.

ஆகஸ்டில் அவன் மனைவி சாராள் செத்துப்போனாள். கல்யாணமாகி இரண்டு வருஷம். அவன் செங்கல்பட்டில் ஹைஸ்கூல் வாத்தியார், பி.ஏ. படித்தவன். கிறிஸ்துமஸ் லீவு விட்டதும், "இங்க வந்து சும்மா குந்திகினு இரு, அங்க தனியா இன்னா பண்ணப்போற" என்று மாமியார் சொல்லி அனுப்பினாள். மாமியார் என்றால் சொந்த அத்தைதான், அப்பாவின் தங்கை. அவள் பெயர் வேண்டா. நான்காவதும் பெண்ணாகப் பிறந்ததால் வைத்த பெயர். ஞானஸ்நானம் கொடுத்தபோது பாதிரி ஐயர் மார்த்தாள் என்று மாற்றினார். கோவிலுக்கு வெளியே ஒருத்தரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

லீவில் அவன் ஒரு காரியம் செய்வதாக இருந்தான். கால்வாய்க் கரையோடு சைக்கிளில் மாமல்லபுரம் வரை போய், கடலைப் பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் திரும்புவது. வேலை ஒன்றும் இல்லை, போவதுதான் வேலை. முந்தின நாள் சாப்பாட்டின்போது இதைச் சொன்னான். வேண்டா கறிவேப்பிலையை ஓரமாக ஒதுக்கிவிட்டு, "நானும் வர்றேன்" என்றாள்.

"படகுல போலாமே அத்தை. சுகமா இருக்கும்."

"படகுல போனா ஆலங்கரண தெரு வருமா?"

வராது. கார்த்திகை மழையில் திருவிடந்தைக்குத் தெற்கே ஓரிடத்தில் கரை உடைந்திருந்தது. படகு தண்ணீரோடு போய்விடும். சைக்கிள்காரன் கரையை விட்டு இறங்கி, ஆலங்கரணை ஊர்த்தெரு வழியாகப் போய், தெருக்கோடியில் மறுபடியும் கரை ஏற வேண்டும். வேண்டா பிறந்தது அந்த ஊர்ச் சேரியில். வாசுதேவனின் அப்பாவும் அங்கேதான் பிறந்தார். அப்பா அந்த ஊரின் பெயரைச் சொல்லி அவன் கேட்டதில்லை. சொந்தக்காரர்கள் ஒருவர் பாக்கி இல்லாமல் எப்போதோ ஊரை விட்டுப் போயாயிற்று.

"அந்தத் தெருவுல நம்ம ஜனம் செருப்ப கையில எடுத்துகினு நடக்கணும். சைக்கிள் இருந்தா தள்ளிகினு போவணும். நா எறங்காம போவணும் வாசு. ஒரு தபா. அவ்ளோதான்" என்றாள் அவள். பிறகு, "சட்டம் வந்துட்சின்னியே, தடுத்தா புடிச்சி உள்ள போடுவாங்கன்னு. அவங்களத்தானே? நம்மள இல்லியே?" என்று சந்தேகம் கேட்டாள்.

"அவங்களத்தான்."

"அப்ப சரி."

காலையில் அவள் கிறிஸ்துமஸ் புடவையில் வந்து நின்றாள். காலில் செருப்பு. கையில் கறுப்புக் குடை, சோற்று மூட்டை. பக்கத்து வீட்டு மேரி வேலிக்கு மேலே தலையை நீட்டினாள்.

"இன்னா வேண்டாக்கா, மருமவன் பின்னால குந்திகினு ஊர்கோலமா?"

"ஆமாண்டி. உன் மருமவன் கைல இன்னா கீது, கழுதயா?"

கேரியரில் சாக்கை மடித்துப் போட்டான். அவள் ஒருபக்கமாக ஏறி உட்கார்ந்தாள். மருமகன் சட்டையைப் பிடிக்கக் கூச்சப்பட்டு, சீட்டுக்கு அடியில் இருந்த ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொண்டாள். அவன் பள்ளிக்கூடத்துக் காக்கிக் கால்சட்டையை மாட்டியிருந்தான். வேட்டி செயினில் சிக்கும்.

கால்வாய் நிறையத் தண்ணீர் போயிற்று. மழை முடிந்து பத்து நாள் ஆகியும் செம்மண் நிறம் தெளியவில்லை. கரையில் தாழம்புதர், அதை விட்டால் சவுக்குத் தோப்பு, அதையும் விட்டால் வெறும் வானம். வடக்கிலிருந்து காற்று முதுகைத் தள்ளிக்கொடுத்தது. மெட்ராசுக்கு விறகு ஏற்றிக்கொண்டு எதிரே வந்த படகுகளை ஆட்கள் கரையில் நின்று கயிறு கட்டி இழுத்தார்கள். கயிறு குறுக்கே வந்தபோதெல்லாம் அவன் நின்று வழிவிட்டான். யாருக்கும் அவசரமில்லை. ஒரு நாரைக் கூட்டத்தை அவன் வெகுநேரம் பார்த்தான். பார்த்தது மனசில் எங்கேயும் ஒட்டவில்லை.

காலிப் படகு ஒன்று பாயை விரித்துக்கொண்டு அவர்களுக்குச் சமமாகத் தெற்கே வந்தது. படகுக்காரன் ஏசுதாஸ் கோவளத்துக்காரன்தான். இருந்தாலும் குடைக்குள் யாரென்று அவனுக்குத் தெரியவில்லை.

"அண்ணாத்த! பின்னாடி இன்னா மூட்ட, உப்பா புளியா?"

குடை நிமிர்ந்தது. "உன் மாமியாடா, பேமானி."

"அய்ய, வேண்டாக்காவா! மன்னிச்சுக்க. கர ஒடஞ்சி கீது தெரியுமில்ல? சைக்கிள தூக்கி படகுல போடு. அந்தாண்ட எறக்கி வுட்டுடறேன், டப்பு வேணாம்."

"நாங்க தெருவால போறோம்."

ஏசுதாஸ் துடுப்பைப் போட்டுப் படகைக் கரையோரம் ஒட்டினான். "இன்னிக்கா? இன்னிக்கி ஊரே மண்டபத்தாண்ட குந்தினு கீது. கர ஒடஞ்சதுக்கு பெட்டிசன் போட்டாங்க. ஓவர்சியரு பாக்க வராராம். சைக்கிள்ல வராராம். எதுக்கு பேஜாரு?"

"குந்தினு இருக்கட்டும். ஆளு இல்லாத தெருவுல போயி இன்னா பண்றது?" என்றாள் வேண்டா.

சவுக்கு நிழலில் நிறுத்தி நாஸ்தா தின்றார்கள். அவள் இட்டிலியைப் பிட்டுக்கொண்டே சொன்னாள். "உங்கப்பன் ரெயில்வேல கரி அள்ள போன புதுசு. எங்கள பாக்க வாடக சைக்கிள் எடுத்துகினு வந்தான். ஊரே பாக்கணும்னு பெல் அடிச்சினே தெருவுக்குள்ள வந்துட்டான். பெரிய வூட்டு காரியக்காரன் சடையப்பன் நிறுத்தினான். அப்ப அவனுக்கும் சின்ன வயசுதான், மீச கூட சரியா இல்ல. தள்ளிகினு போறேன்னான் எங்கண்ணன். இல்ல, நீ ஏறி வந்தயில்ல, இப்ப சைக்கிள் உன்மேல ஏறி வரட்டும்னான் அவன். தலமேல தூக்கி வெச்சாங்க. தெரு முழுக்க தூக்கினு நடந்தான். சேரி முனையில நா நின்னுகினு இருந்தேன். அப்புறம் அவன் ஊருக்கு வரவேயில்ல."

வாசுதேவன் இட்டிலியை மென்றான். "அப்பா சொன்னதில்லையே."

"சொல்ற மாதிரியா கீது?"

அவன் கையைக் கழுவினான். சைக்கிள் ஏறினார்கள்.

உடைப்பு பெரிதாகத்தான் இருந்தது. தண்ணீர் வயலில் புரண்டு கிடந்தது. கரையிலிருந்து இறங்கிய பாதை நேராகத் தெருவுக்குள் போயிற்று. இரண்டு பக்கமும் ஓட்டு வீடுகள், பெரிய வீடு, பொதுக்கிணறு. நடுவில் பஜனை மண்டபம். மண்டபத்தில் ஏழெட்டுப் பேர் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். வேண்டா குடையை முகத்துக்கு இறக்கினாள். வெயிலுக்காகவா வேறெதற்காகவா என்று அவன் கேட்கவில்லை. மெதுவாக மிதித்தான்.

முதலில் ஒருவன் பார்த்தான். காக்கிக் கால்சட்டையைப் பார்த்தான், கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "ஓவர்சியர் ஐயா!" என்று கத்திவிட்டு எழுந்தான். மண்டபமே எழுந்தது. சீட்டுக்கள் பாய்க்கு அடியில் போயின. நடுவில் நின்ற நரைத்த மீசைக்காரர் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "ஐயா வரணும். ஒடப்பு அந்தப் பக்கங்க. இளநி வெட்டட்டுங்களா?"

வாசுதேவன் தலையை மட்டும் அசைத்தான். சைக்கிள் நிற்கவில்லை. கும்பிட்ட கைகள் இரண்டு பக்கமும் நகர்ந்து பின்னால் போயின. தெரு முடிந்தது. பாதை ஏறியது. கரை வந்தது.

ஒரு காலைக் கரையில் ஊன்றி நின்றான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. முடிந்தது என்று நினைத்தான். இவ்வளவுதானா என்றும் நினைத்தான்.

"திருப்பு" என்றாள் வேண்டா.

"என்ன அத்தை?"

"சைக்கிள திருப்பு. இது செல்லாது."

"இறங்காமதானே வந்தோம்? எழுந்து வேற நின்னாங்க."

"யாருக்கு எழுந்தாங்க? ஓவர்சியருக்கு. ஓவர்சியரு எந்தத் தெருவுலதான் எறங்குவான்? நா வந்தது எவனுக்கு தெரியும்? சடையப்பன் இளநி வெட்டறேன்னான் பாத்தியா, அந்த மீசக்காரன். எங்கண்ணன தூக்க சொன்னவன். அவன் என்ன பாக்கணும் வாசு."

"இப்ப சும்மா விட மாட்டாங்க."

"தெரியும். உனக்கு வேணாம்னா சொல்லு, நா எறங்கிக்கறேன். நடந்து வூட்டுக்கு போறேன். மாபலிபுரமும் வேணாம் ஒண்ணும் வேணாம்."

அவள் குரலில் கோபம் இல்லை. பேரத்தை முடித்துக்கொண்டு கிளம்புகிறவள் மாதிரிச் சொன்னாள். வாசுதேவன் தெருவைத் திரும்பிப் பார்த்தான். தலையில் சைக்கிளோடு ஒரு ஆள் நடப்பதற்கு அது நீளமான தெருதான்.

சைக்கிளைத் திருப்பினான்.

அவள் குடையை மடக்கினாள். முந்தானையைச் சரி செய்துகொண்டாள். இந்தத் தடவை ஸ்பிரிங்கை விட்டுவிட்டு அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள்.

மண்டபத்தில் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார்கள். ஐயா ஏன் திரும்பி வருகிறார் என்று குழப்பம். ஒருவன் இளநீரை வெட்டிக் கையில் வைத்திருந்தான்.

"சடையப்பா!" என்று வேண்டா கூப்பிட்டாள்.

அந்தத் தெருவில் அவரை அப்படிக் கூப்பிட ஆள் இருக்கவில்லை போலும். யாரோ பிள்ளையைக் கூப்பிடுகிறார்கள் என்று இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"சடையப்பா, நாந்தான் வேண்டா. முனியன் பொண்ணு, நம்ம சேரி. இது எங்கண்ணன் பையன். ஓவர்சியரு இல்ல, இஸ்கூலு வாத்தியாரு. நல்லா பாத்துக்க!"

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு எல்லாம் ஒன்றாக நடந்தது. "எறங்குடி!" என்று ஒரு குரல். "டேய், நிறுத்துடா வண்டிய!" என்று இன்னொரு குரல். எங்கிருந்தோ ஒரு மண்ணாங்கட்டி வந்து மட்கார்டில் மோதி உடைந்தது. வாட்டசாட்டமான ஒருவன் மண்டபத்திலிருந்து குதித்து, நடுத்தெருவில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றான்.

வாசுதேவனுக்குக் கால்கள் இருந்தன. அதுதான் அவனுக்குத் தோன்றியது. இத்தனை மாதமாக இல்லாதிருந்த தொடைகள், முழங்கால், குதிகால் எல்லாம் ஒரே நிமிஷத்தில் திரும்பி வந்து சேர்ந்திருந்தன. சீட்டிலிருந்து எழுந்து நின்று மிதித்தான். பெல்லில் விரலை வைத்தவன் எடுக்கவே இல்லை.

"இறங்க மாட்டோம்!" என்றான். அவன் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது. "தள்ளுய்யா! இறங்க மாட்டோம்!"

நின்றவன் கடைசிவரை நின்றான். கடைசியில் ஹாண்டில்பார் வயிற்றுக்கு நேரே வந்தபோது பக்கவாட்டில் தாவினான். அந்தப் பக்கம் சாணிக்குழி இருந்தது. கிணற்றடியில் ஒரு பெண் சிரித்தாள். அவளை யாரோ அதட்டினார்கள். அதட்டிய பெண்ணும் சிரித்துவிட்டாள்.

வடகோடியில் பாதையேறி, வந்த கரைக்கே போய்ச் சேர்ந்தார்கள். வேண்டா அவன் சட்டையை விட்டாள். சட்டையில் ஒரு பித்தான் போயிருந்தது.

"பாத்தியா வாசு? பாத்தியா நீ?"

"நான் எங்க பாத்தேன். ரோட்டத்தான் பாத்தேன்."

"துண்டு! சடையப்பன் துண்டு! நா யாருன்னு சொல்லியும் எடுக்க மறந்துட்டான். கக்கத்துலயே கீது. எனுக்கு முன்னால துண்ட இடுக்கினு நின்னான் வாசு!" சொல்லிக்கொண்டே கேரியரில் உட்கார்ந்தபடி தொடையில் அடித்துக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று பிரிக்க முடியவில்லை. சைக்கிள் ஆடியது. அவன் இரண்டு காலையும் ஊன்றிப் பிடித்துக்கொண்டான்.

தண்ணீரில் ஏசுதாஸ் பாயை இறக்கிவிட்டுக் காத்திருந்தான். அவர்கள் உயிரோடு வருவதைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நின்றிருப்பான். "இன்னாக்கா, அந்தாண்ட போனீங்க, இந்தாண்ட வந்தீங்க! மாபலிபுரம் இங்கயா கீது?"

அப்போதுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது. மாமல்லபுரம் தெற்கே இருந்தது. அவர்கள் வடக்கே நின்றார்கள். நடுவில் ஆலங்கரணை.

வாசுதேவனுக்குச் சிரிப்பு வந்தது. நெஞ்சில் எங்கோ துருப்பிடித்த ஒன்று கிறீச்சிட்டுத் திறந்துகொண்ட மாதிரி ஒரு சிரிப்பு. சத்தம் கேட்டு வேண்டா எட்டி அவன் முகத்தைப் பார்த்தாள்.

"ஏறுங்க, கொண்டுபோயி வுட்டுடறேன்" என்றான் ஏசுதாஸ். "போதும், ஒரு நாளைக்கி எவ்ளோதான்."

வேண்டா மருமகனைப் பார்த்தாள். அவளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. இனி அவன் பாடு.

"இல்ல ஏசுதாஸ். நாங்க தெருவாலயே போறோம்" என்றான் வாசுதேவன்.

இந்தத் தடவை அவன் மெதுவாகப் போனான். விழாமல் எவ்வளவு மெதுவாகப் போக முடியுமோ அவ்வளவு மெதுவாக. லீவு நாள்தானே. வீட்டு ஓடுகளைப் பார்த்தான், கோலங்களைப் பார்த்தான். பெரிய வீட்டு வாசலில் கட்டியிருந்த காளையின் கொம்புக்கு நீலச் சாயம் அடித்திருப்பதைப் பார்த்தான். மண்டபத்தில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் எழவில்லை, யாரும் கத்தவும் இல்லை. "வாத்தியாராம்டா. பெட்டிசன் போட்டுருவான். நெஜ ஓவர்சியரு வர்ற நேரம், வாய மூடினு இரு" என்று ஒருவர் அடக்கிய குரலில் சொல்வது தெளிவாகக் கேட்டது. சாணிக்குழிக்காரன் வேட்டியை அலசிக்கொண்டிருந்தான். சடையப்பன் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, கையிலிருந்த சீட்டை ஆழ்ந்து படித்துக்கொண்டிருந்தார். துண்டு தோளுக்கு ஏறியிருந்தது. கழுத்து மட்டும் சிவந்திருந்தது.

கிணற்றடியில் குடத்தை இடுப்பில் வைத்திருந்த கிழவி ஒருத்தி கண்ணை இடுக்கினாள். "வேண்டாவா அது? நல்லா கீறியா?"

"நல்லா கீறேன் பொன்னம்மா. மாபலிபுரம் வரைக்கும் போயிட்டு வரோம்."

"தலைக்கு குடைய புடி. வெயிலு ஏறுது."

"வேணாம். இந்தத் தெரு தாண்டட்டும்."

சேரி முனையில் நாலைந்து பேர் வந்து நின்றிருந்தார்கள். ஒரு ஆள் மட்டும், அவர்கள் கரை ஏறுகிற இடத்தில் மேடு செங்குத்தாக இருந்ததால், ஓடிவந்து கேரியரைப் பின்னாலிருந்து தள்ளிவிட்டான். வேண்டா இறங்க வேண்டியிருக்கவில்லை.

மத்தியானம் மாமல்லபுரம் வந்தார்கள். கோவில்களையெல்லாம் அவள் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இவ்ளோ கல்லு கொத்தினவனுக்கு கை வலிச்சிருக்கும்" என்றாள். கலங்கரை விளக்கத்தை அண்ணாந்து பார்த்தாள். கிளிஞ்சல் மாலை விற்கிறவளிடம் பேரம் பேசும் சாக்கில் ஆலங்கரணைக் கதையை முதலிலிருந்து சொன்னாள். மாலைக்காரி வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். சடையப்பன் துண்டை இடுக்கிய இடம் வந்ததும் மாலையைப் பாதி விலைக்குக் கொடுத்தாள்.

பிறகு மணலில் உட்கார்ந்து மூட்டையைப் பிரித்தார்கள். புளிச்சோறு, வறுத்த கருவாடு. வாசுதேவனுக்குப் பசித்தது. கருவாட்டில் உப்புத் தூக்கலாக இருந்தது. அது அவனுக்குத் தெரிந்தது. இன்னொரு துண்டு கேட்டு வாங்கித் தின்றான். சைக்கிள் பக்கத்தில் மணலில் சாய்ந்து கிடந்தது. அலை வந்து வந்து போயிற்று.

வேண்டா கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"வாசு, ஒண்ணு கேக்கட்டா? அடக்கத்தன்னிக்கி ஐயரு சொன்னாரே, ஆண்டவரே, என் ஆவிய ஏத்துக்கோன்னு சொல்லிகினே எம்பொண்ணு கண்ண மூடிச்சின்னு. எனுக்கு நம்பிக்க இல்ல. சாராள் அப்பிடி பேசற பொண்ணா? நா வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் ஆயிப்போச்சி. நீதான் கூட இருந்த."

அவன் கடலைப் பார்த்தான்.

"நான் சொல்லல அதை. ஐயரே சொல்லிக்கிட்டார். நல்லா இருக்கும்னு நெனச்சிருப்பார்."

"நல்லா இருக்கறது எனுக்கு வேணாம். நெஜமா இன்னா சொன்னா? மெய்யா சொல்லு."

இதை யாரும் அவனிடம் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டான். ஒரு சாவுக்கு அது போதாது என்று அவனுக்குத் தோன்றியிருந்தது. இப்போது, வாயில் உப்புக் கரிக்க, தொடையெல்லாம் வலிக்க, இத்தனை வெளிச்சத்தில், அது போதும் என்று தோன்றியது.

"ஆஸ்பத்திரியில மாடி வார்டு. சாயங்காலம். வானம் இருட்டிக்கிட்டு வந்தது. ஜன்னல் வழியா பாத்துக்கிட்டே இருந்தா. அப்புறம் என்னைத் திரும்பிப் பாத்தா. அவ சொன்னதைக் கேட்டுட்டு நான் கீழே போனேன். அதைச் செஞ்சுட்டு மேல வந்தப்ப நர்சு நின்னுக்கிட்டு இருந்தாங்க."

"இன்னா சொன்னா?"

வாசுதேவன் சாராளின் குரலிலேயே சொன்னான்.

"மாமா, சைக்கிள வெளியவே வுட்டுட்டு வந்துட்டியா? மழ வரப்போவுது பாரு. போயி உள்ள ஏத்தி வெச்சிட்டு வா."